தொலைகோளில் இடிக்கிற இடங்கள்

“போன வாரம் தளபதிக்குத் தலையில அடிபட்டுச்சா, கட்டுப் போட்டாங்களா, அது இடது பக்கம். நேத்து பாத்தா கட்டு வலது பக்கம் இருக்கு. காயம் வாடகை கட்டுப்படியாகாம வீடு மாத்திக்கிச்சு போல. இங்கதான் இடிக்குது” என்று டிவியில் பார்த்த தொடரைப் பற்றித் தொலைபேசிக்குள் சொல்லிவிட்டுக் கிளமென்ட் நிறுத்துகிறார்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவர் குரல் சவுதியில் இருக்கும் தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அவர் மனைவி ரோஸ்லின் சிரித்து, அந்தச் சிரிப்பு திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பி வர, எச்சிலை ஒருமுறை விழுங்குகிற நேரமாவது ஆகும். அதற்குள் எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறார்கள். பூத் சொந்தக்காரர் மீரா உசேன் மட்டும் சிரிக்காமல், அடுத்ததைச் சொல் என்பதுபோலப் பேனாவால் மேசையைத் தட்டுவார். வெள்ளிக்கிழமை முற்பகலில் அந்தப் பூத்துக்கு வெளியூர் பேச வருகிறவர்களைவிடக் கிளமென்ட் பேசுவதைக் கேட்க வருகிறவர்கள் அதிகம்.

கிளமென்ட்டுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கடைத்தெருவில், மாதா கோயிலுக்குத் திரும்பும் முனையில், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி கீறிய கோடுகள். பக்கத்தில் போய் நின்றால் வார்னிஷ் வாசனை அடிக்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தாமதமாகிற வருடங்களில் ஊரிலுள்ள போர் மோட்டார்களெல்லாம் ஓயாமல் ஓடும், மின்சாரம் இளைக்கும், மோட்டார் புகையும், புகைந்தது நேராக இவர் கடைக்கு வரும். “காவேரில தண்ணி வந்தா எனக்குக் கஞ்சி இல்ல, வரலன்னா ஊருக்குக் கஞ்சி இல்ல. நான் எதுக்குங்க சாமி வேண்டிக்கிறது?” என்று ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரையே நிறுத்திக் கேட்டவர். சாமியார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ‘தொலைகோள்’ என்று ஒரு தொடர். இன்னும் இருநூறு வருடம் கழித்து, பூமியில் தண்ணீர் வற்றிப்போய், தளபதி இளமாறன் என்பவர் தலைமையில் ஒரு கப்பல் வேறொரு சூரியனைச் சுற்றும் கோளைத் தேடிப் போவதாகக் கதை. சென்னையில் ஏதோ ஒரு கொட்டகைக்குள் தெர்மோகோலை வெட்டி ஒட்டி எடுக்கிறார்கள். கிளமென்ட் அதை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு வாரம்கூட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. பிடிக்கவில்லையென்றால் பார்க்காமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. “கேப்பையில நெய் வடியுதுங்கிறான். கேக்கிறவனுக்கு மதி எங்கன்னு ஊர்ல கேப்பாங்க. கேக்கட்டும். வியாழக்கிழமை ஆனா சட்டிய ஏந்திக்கிட்டு மொத ஆளா ஒக்காந்திருக்கிறது நான்தானே” என்பார்.

கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் பச்சையும் சிவப்புமாக விளக்கு மினுக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதன் குமிழைத் திருப்பித்தான் தளபதி கப்பலை ஓட்டுவார். முதல் வாரமே கிளமென்ட் அதை அடையாளம் கண்டுகொண்டார். அது குளிர்ப்பெட்டிக்கு வைக்கிற ஸ்டெபிலைசர். “அதே மாதிரி மூணு நம்ம கடையில கெடக்கு. நான் அதுமேல டிபன் பாக்ஸ வெச்சிருக்கேன், அவன் அத வெச்சிக்கிட்டு நட்சத்திரத்துக்குப் போறான். அப்ப யாரு கெட்டிக்காரன்?” கப்பலுக்கு வெளியே வெற்று வெளியில் மிதக்கும்போது கதாநாயகியின் தலைக்கவசத்துக்குப் பின்னால் சடை தொங்கியது. தொங்கினதோடு நில்லாமல் காற்றில் ஆடியது. கோளில் கால் வைத்த முதல் காட்சியில், மனித வாடையே படாத பாறைமேல் ஒரு காக்கை உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. இவர்கள் போய்ச் சேர அத்தனை பாடு பட்டார்களே, காக்கைக்கு விசா கொடுத்தது யார் என்று கிளமென்ட் கேட்ட கேள்விக்கு அந்த வெள்ளிக்கிழமை பூத்தே அதிர்ந்தது.

இதெல்லாம் சிரிப்புக்கு. ஒன்றை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். தளபதி அடிக்கடி ஒரு பெரிய திரைக்கு முன்னால் நின்று பூமியிலுள்ள தன் மனைவியோடு பேசுவார். அந்தம்மாள் கேட்டு வாய் மூடுவதற்குள் இவர் பதில் சொல்லிவிடுவார். கிளமென்ட்டுக்கு அது ஆகவே ஆகாது. “தம்மாம் இந்தா இருக்கு. நான் ஒண்ணு கேட்டா அவ பதில் வர்றதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிடலாம். இவன் சூரியனையே தாண்டிப் போயிட்டான், அடுப்பங்கரையில இருக்கவகிட்ட பேசற மாதிரி பேசறான். அவ்வளவு சுலபமா இருக்கா தூரம்ங்கிறது?” என்று கேட்பார்.

இந்தக் குணம் தொடரோடு வந்ததல்ல. வேதாகமத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. நோவா நாற்பது நாள் மழையில் அத்தனை மாட்டையும் ஏற்றிக்கொண்டு போனாரே, வைக்கோலை எங்கே நனையாமல் வைத்தார் என்று பூசைக்கு நடுவில் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு, அவர் அடக்க முடியாமல் சிரித்து, இருவரையும் சாமியார் முறைத்தது கோயிலில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முகூர்த்த நேரத்துக்கும் பந்தி நேரத்துக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பெண் வீட்டார் அதனாலேயே இவருக்கு வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவதுண்டு.

இப்படிப்பட்ட ஆளுக்கு அடி விழாமல் இருக்குமா? விழுந்தது, சொந்த வீட்டிலேயே.

தொலைகோளில் ஒரு ஆறு ஓடுகிறது. ஒரு வாரம் அதன் கரையில் பொழுது விடிகிற காட்சி. ஆறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சூரியன் எழும்பியது. கிளமென்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். சூரியன் உதிப்பது கிழக்கு. ஆறு கிழக்கிலிருந்து வருமா? கடல் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறி வருமா? உலகத்தில் எங்கேயாவது ஆறு மேற்கே பார்த்து ஓடுமா? மறுநாள் ரோஸ்லினிடம் சொன்னார், பூத்தில் சொன்னார், கடைக்கு மோட்டார் தூக்கி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். இதைவிடப் பெரிய தப்பைத் தான் இதுவரை கண்டதில்லை என்று ஒரு வாரம் முழுக்கச் சிரித்தார். மேல்நிலைப்பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கும் மகள் பிரின்ஸி அதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பழைய அட்லஸைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள். நர்மதை மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தபதியும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, அது வேறு கோள், வேறு சூரியன், அங்கே எதுவும் எப்படியும் ஓடலாம் என்று அவள் முடித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அட்லஸை மூடிவைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். கிளமென்ட் அடுத்த வெள்ளிக்கிழமை பூத்துக்கு வந்து, தன் அறியாமையைத் தானே ஊருக்குத் தண்டோரா போட்டார். “நம்ம பூகோளம் கல்லணையில ஆரம்பிச்சுப் பூம்புகார்ல முடிஞ்சிடுது. அதுக்கு அந்தாண்ட உலகம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. நர்மதைக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்” என்றார். அன்று வழக்கத்தைவிட அதிகச் சிரிப்பு. ரோஸ்லினின் சிரிப்பு வந்து சேர்ந்ததும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறர் தப்பைச் சொன்னால் ஒரு சிரிப்பு, தன் தப்பைச் சொன்னால் இரண்டு சிரிப்பு என்பது அவர் கண்ட கணக்கு.

ஒரு காலத்தில் அவரும் வெளிநாட்டுக்குப் போனவர்தான். தொண்ணூற்றிரண்டில் ஊரே பெட்டி வாங்கிக்கொண்டிருந்தது. நிலம் இருந்தவர்கள் நிலத்தை ஒத்திக்கு விட்டுப் போனார்கள். இல்லாதவர்கள் எப்படியோ போனார்கள். கிளமென்ட் எலெக்ட்ரீஷியனாகப் போய் மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டார். ஒரு கட்டடத்தில் ஒயரிங் வரைபடம் தப்பு என்று போர்மேனிடம் சொல்லியிருக்கிறார். ஒருமுறை சொன்னதோடு விட்டிருந்தால் தலை தப்பியிருக்கும். போர்மேனுக்கு மேலே இருந்தவரிடமும் சொல்லி, அவருக்கு மேலே இருந்தவரையும் தேடிப் போயிருக்கிறார். “நான் தப்பைச் சொன்னேன். அவன் ரொம்பச் சரின்னு சொல்லி டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டான். என்ன கொண்டாந்தீங்கன்னு ஊர்ல கேட்டாங்க. ஒரு கம்பளி, ஒரு கோடாலித் தைலம், இந்த வாய். வாய் போகும்போதே எடுத்துட்டுப் போனதுதான்.”

அவர் திரும்பி வந்த பிறகுதான் ரோஸ்லின் போனாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், தம்மாமில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டாள், கிடைத்தது. திருச்சி விமான நிலையத்தில் கிளமென்ட்தான் தைரியம் சொன்னார். ரெண்டு வருஷம்தானே என்றார். இரண்டு வருடம் முடிந்தபோது பிரின்ஸியின் படிப்பைச் சொல்லி இன்னொரு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். இந்த மாசியோடு அதுவும் முடிகிறது. மறுபடி கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேச்சின் கடைசியில், என்ன செய்யட்டும் என்று கேட்பாள். கிளமென்ட் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், “உன் இஷ்டம்” என்பார்.

அவர் இஷ்டம் என்ன என்பது பூத்து வாசலில் கிடக்கிற பெஞ்சுக்குக்கூடத் தெரியும். அவருக்கு ரோஸ்லின் வந்துவிட வேண்டும். ரசம் வைக்க அவருக்கு வரும். பிரின்ஸிக்குச் சடை பின்னவும் ஒருகாலத்தில் பழகிக்கொண்டார். அதெல்லாம் இல்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது, அன்றைக்குப் பார்த்த கோணல்களையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூசியது. ஒருநாள் மீரா உசேன் நேராகவே கேட்டுவிட்டார்: வான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? கிளமென்ட் டெஸ்டரை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே பதில் சொன்னார். “எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது பாய்? மூணு மாசம் தாக்குப்பிடிக்காம ஓடி வந்தவன், நாலு வருஷம் தாங்கினவளப் பாத்து, போதும் வான்னு கூப்பிடறதா? அவளே வந்தா வரட்டும்.”

ஆரம்ப வருடங்களில் அவர்கள் பேச்சு நாலு வரியில் முடிந்துவிடும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, பரவாயில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற குரலுக்கு முன்னால் இருவருக்கும் வாய் வரவில்லை. தொடர் வந்த பிறகுதான் பேச விஷயம் கிடைத்தது. நர்சுகள் விடுதியில் தமிழ் டிவி தெரிந்தது. இருவரும் ஒரே வியாழக்கிழமை ஒரே அபத்தத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதைப் பிய்த்துப் போட்டார்கள். புரட்டாசியிலிருந்து அவளுக்குச் சாயங்கால டூட்டி விழுந்தது. பார்க்க முடியவில்லை, நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, அதுவே போதும் என்றாள். கிளமென்ட் அதன் பிறகு தொடரைக் கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை எட்டு மணிக்குத் தொடர் வரவில்லை. அதற்குப் பதில் ஓர் அம்மாள் கேரட் அல்வா கிண்டினார். இந்த வாரம் மட்டும் போடலையாம் என்று மறுநாள் ரோஸ்லினிடம் சொன்னார். அடுத்த வாரமும் அல்வாதான். விளம்பரம் வரவில்லையாம், நிறுத்திவிட்டார்களாம் என்று கேபிள்காரர் சொன்னார். கப்பல் தொலைகோளிலிருந்து கிளம்பி வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்த கட்டம் அது. கிளமென்ட்டுக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. அத்தனை ஓட்டைகளையும் பொறுத்துக்கொண்டு கூடவே போனவரை நடுவானத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். முடிவு தெரியாத கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, யாரிடம் தப்புச் சொல்வது என்று கேபிள்காரரிடமே புலம்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை ரோஸ்லினிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் பூத்துக்கு வந்தார். அவள் எடுத்த எடுப்பில், நேற்று என்ன ஆச்சு, கப்பல் வழி கண்டுபிடித்ததா என்று ஆசையாகக் கேட்டாள். நின்றுபோச்சு என்று சொன்னால் பேச்சும் நின்றுபோகும். மறுபடி சாப்பிட்டியா, சாப்பிட்டேன். கிளமென்ட்டின் வாய் அவரைக் கேட்காமலே பேச ஆரம்பித்தது. கப்பலில் மோட்டார் எரிந்துவிட்டது என்றது. அதனால் திரும்பவும் தொலைகோளிலேயே இறங்கிவிட்டார்கள் என்றது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அல்வாதான் ஓடியது.

பிறர் கதையில் குற்றம் சொல்கிறவர் சொந்தமாக ஒரு கதை கட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த ஏழெட்டு வாரம் அங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைகோளில் திடீரென்று நாற்று விட்டார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். தலைமடைக்காரன் மடையை அடைத்துவிட்டான், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அடிதடி வந்தது. தளபதி இளமாறன் விண்வெளி உடுப்போடு வரப்பில் நின்று முறை வைத்துக் கொடுத்தார். கப்பலின் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்ட ஆள் தேடியபோது, அதுவரை கதையில் இல்லாத ஒரு மெக்கானிக் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். அவர் ரொம்ப நல்லவர். தளபதியைவிட அறிவாளி. “நீங்க நெனைக்கிறது சரிதான். வெக்கத்த விட்டுட்டு நானே உள்ள நுழைஞ்சிட்டேன்” என்று பெஞ்சுக்காரர்களிடம் ஒப்புக்கொண்டார். ரோஸ்லின் சிரிக்க வேண்டும் என்பதற்காக நடுநடுவே தப்புகளையும் அவரே வைத்து, அவரே இடிக்குது என்று சொல்லிக் கிண்டலும் செய்தார். டிவிக்காரன் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்பது மீரா உசேனின் அபிப்பிராயம். வயலில் அறுப்பைப் போட்டுவிட்டுக்கூட விவசாயி தமிழரசன் வந்து உட்கார்ந்தார். அவர் மோட்டார் அப்போது கிளமென்ட் கடையில் பிரித்தபடி கிடந்தது, அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கிளமென்ட் கவனமாகத் தவிர்த்தார். கப்பலை அவர் பூமிக்குத் திருப்பவே இல்லை. திருப்பினால் அது ரோஸ்லினைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தார். அதனால் மெக்கானிக் கட்டிய காயில் வாரா வாரம் எரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்குக்கு ஒரு காயில் நிற்கவில்லையே என்று பெஞ்சில் யாரோ கேட்டபோது, அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

மாசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, பதினொன்றரைக்கு வர வேண்டிய ரோஸ்லினின் அழைப்பு வரவில்லை. பன்னிரண்டும் ஆயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் அறுப்பு இயந்திரம் வந்துவிடும், வேலை கெடும் என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லியாகிவிட்டது. வழக்கமாக ஜும்மாவுக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகும் மீரா உசேன் தொப்பியை மாட்டிக்கொண்டு, கிளமென்ட் முகத்தைப் பார்த்தார். சாவியை மேசைமேல் வைத்து, பேசிவிட்டுப் பூட்டிப் பக்கத்து மருந்துக் கடையில் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். கேட்க ஒருவருமில்லாத பூத்தில் கிளமென்ட் தனியாக உட்கார்ந்திருந்தபோது மணி அடித்தது.

ஆஸ்பத்திரியில் எல்லா நர்சுகளையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள், அதனால்தான் தாமதம் என்றாள் ரோஸ்லின். பிறகு வழக்கம்போல, நேற்று என்ன ஆச்சு என்றாள். கிளமென்ட்டும் வழக்கம்போல ஆரம்பித்தார். விளைந்த கதிரைப் பார்க்கத் தளபதியும் மெக்கானிக்கும் விடியற்காலையில் போகிறார்கள். ஆற்றோரமாகவே நடந்து, அது கடலில் கலக்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். கடலுக்கு மேலே சூரியன் மெல்ல எழும்புகிறது, தண்ணீரெல்லாம் சிவப்பாக—

“இங்கதான் இடிக்குது” என்றாள் ரோஸ்லின்.

“எங்க?” என்றார் கிளமென்ட்.

“அங்க ஆறு சூரியன் உதிக்கிற பக்கத்துலேருந்துல்ல வரும்? அதச் சொல்லித்தானே நீங்க ஒரு வாரம் சிரிச்சீங்க. இப்ப எப்புடி அதே ஆறு கெழக்க போயி கடல்ல விழுது? இது எந்த ஊருக் கதைங்க?”

கிளமென்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நர்மதையைப் பார்த்த பிறகும், தபதியைப் பார்த்த பிறகும், கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆற்றை ஓடவிட்டால் அது கிழக்கே பார்த்துத்தான் ஓடுகிறது. பிறந்ததிலிருந்து ஒரே ஆற்றைப் பார்த்த புத்தி. தப்புக் கண்டுபிடிப்பதில் ஊரறிந்த ஆள் தன் கதையில் இவ்வளவு பெரிய தப்பை வைத்துவிட்டு வாரக்கணக்கில் பெருமையாக நடந்திருக்கிறார். அந்தச் சங்கடத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். பொங்கலுக்கு முன்னாலேயே தெரியும், அறையிலிருக்கும் திருச்சிப் பெண் தொடர் நின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டாள் என்றாள். தெரிந்தும் ஏன் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றார்.

“அந்த மெக்கானிக் வந்தப்புறம்தான் கதை நல்லாருந்துச்சு” என்றாள்.

நாளைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், இன்றைக்குக் கூப்பிட்டு வைத்துப் பேசியதும் அதற்குத்தான் என்று ரோஸ்லின் சொன்னாள். கிளமென்ட் வழக்கமான இரண்டு வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தார். அவள் சொல்லவிடவில்லை.

“உன் இஷ்டம்னு சொல்லாதீங்க. தளபதி தலையில கட்டு எடம் மாறினா உங்களுக்கு இடிக்குது. காக்கா ஒக்காந்தா இடிக்குது. நான் இங்க கெடக்கேன், நீங்க அங்க கெடக்கீங்க. நாலு வருஷமாச்சு. இது உங்களுக்கு எங்கயுமே இடிக்கலையா?”

கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. பதில் போய்ச் சேர நேரமாகும் என்று இந்தத் தடவை சாக்குச் சொல்ல முடியாது. பூத்துக்கு வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. யாரைச் சிரிக்கவைத்துத் தப்பிப்பது? கிளமென்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இடிக்குது” என்றார். “நீ ஏரோப்பிளேன் ஏறின அன்னிலேருந்து இடிக்குது. நான் மூணு மாசத்துல ஓடி வந்தவன். கேக்க எனக்கு வாயில்ல. இருந்தாலும் கேக்கறேன். கையெழுத்துப் போடாத ரோஸ்லின். வந்துடு.”

அவர் எச்சில் விழுங்கினார். இன்னொரு தடவையும் விழுங்கினார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். யோசிச்சுச் சொல்றேங்க, கூப்பிடறாங்க என்றாள். வைத்துவிட்டாள்.

கிளமென்ட் பூத்தைப் பூட்டிச் சாவியை மருந்துக் கடையில் கொடுத்தார். கடைப்பக்கம் போகவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தார். தெரு நெடுகத் தாரில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மிதிக்காமல் ஓரமாகப் போனார். படிப்பு லீவில் வாசற்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிரின்ஸி, கடை நேரத்தில் வந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் உள்ளே போய், நாற்காலியைப் போட்டு ஏறி, பரணில் கையை விட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி வைத்திருந்த ரோஸ்லினின் இலவம்பஞ்சுத் தலையணையை இறக்கினார். உறையைப் பிரித்து, வாசலுக்குக் கொண்டுவந்து, மதில்மேல் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தார்.

“அம்மா வர்றேன்னு சொல்லிட்டாங்களாப்பா?” என்று பிரின்ஸி கேட்டாள்.

“சொல்லல. யோசிச்சுச் சொல்றேன்னா.”

சொல்லிவிட்டுக் கிளமென்ட் தலையணையை இரண்டு தட்டுத் தட்டி, அடிப்பக்கமும் வெயில் படட்டும் என்று புரட்டி வைத்தார்.